எதிர் நாற்காலி

தையல்காரி விழுங்கியது ஒரு வாய் ரொட்டிதான். விழுங்கும் சத்தம் மட்டும் இரண்டு முறை கேட்டது.

மேஜையில் அவளைத் தவிர யாருமில்லை. சன்னலில் மத்தியான வெயில், தெருவில் யாரோ இருமும் சத்தம், கூடத்தில் மெஷினிலிருந்து தொங்கும் பாதி தைத்த பாவாடை, எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. சமையலறைக் குழாயாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த துண்டைத் திணித்தாள். மடக். கொஞ்சம் பொறுத்து, எதிர் நாற்காலியிலிருந்து இன்னொரு மடக். ஆனாலும் கை தட்டை விட்டு வரவில்லை.

அது அவள் கணவரின் நாற்காலி. தொண்டையில் கட்டி வந்து, மூக்குக் குழாய் வழியாகப் பால் இறங்கிய கடைசி மாதங்களில் மனுஷன் அதில் உட்கார்ந்து அவளைச் சாப்பிடச் சொல்வார். "என் நாக்கு செத்துப்போச்சு, ஒல்லி. நீ சாப்பிட்டு ருசியைச் சொல்லு." அப்போது அவள் நிஜமாகவே ஒல்லி, ஊதினால் பறந்துவிடுவாள். பசி இருக்கிறதோ இல்லையோ, மென்று மென்று சொல்வாள்: ஓரம் கருகியிருக்கு, நடுவுல வெண்ணெய், லேசா புளிப்பு. அவர் கண்ணை மூடிக்கொண்டு வெறும் வாயை மெல்லுவார். கடைசி நாள் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "போதுங்க, என்னால முடியல" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவர் மூச்சு நின்றிருந்தது.

அதற்குப் பிறகு அவளால் எந்தத் தட்டையும் தள்ள முடிந்ததில்லை. வயிறு முட்டி வலித்தாலும் கை நிற்காது. வாய்க்கு எந்த ருசியும் தெரியாது. தன் சட்டைகளை அவளே பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கினாள். இப்போது தையலுக்குள் விட்டிருந்த துணியும் தீர்ந்துவிட்டது.

அவள் போன் போட்டதும் தங்கை பதறியடித்து ஓடிவந்தாள். அலமாரியிலிருந்ததை எல்லாம், சர்க்கரை டப்பா வரைக்கும், பைகளில் அள்ளினாள்.

"அக்கா, இது வயித்துப் பசி இல்ல. அன்னிக்கு எழுந்து போனதுக்கு உன்னை நீயே தண்டிச்சுக்கிற. இப்படியே போனா சர்க்கரை ஏறி கண்ணு போயிடும்னு டாக்டர் சொன்னாரே!"

"இல்லடி. அவருக்குப் பசிக்குது."

தங்கை அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "வேலை முடிஞ்சதும் ஓடி வந்துடறேன். அதுவரைக்கும் வாயைக் கட்டிட்டு இரு. எனக்காக."

தங்கைக்காக இருந்துவிடலாம் என்றுதான் தையல்காரியும் நினைத்தாள். நடுவிரலில் உலோக விரல்தொப்பியை மாட்டிக்கொண்டு பாவாடையின் ஓரத்தைக் கையால் தைக்க உட்கார்ந்தாள். வெளிச்சம் குறையக் குறைய, ஈரப் பஞ்சும் மருந்தும் புளித்த பாலும் கலந்த அந்தப் பழைய வாசனை சாப்பாட்டு அறையிலிருந்து மெல்ல நகர்ந்து வந்து அவள் துணியில், தலைமுடியில், நாக்கில்கூட ஒட்டிக்கொண்டது. பிறகு சத்தம். பல்லும் பல்லும் உரசும் சத்தம். நடுவில் எதுவுமே இல்லாமல்.

போய்ச் சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. போதுங்க.

போனாள். நாற்காலி பின்னால் நகர்ந்திருந்தது. யாரோ உட்கார்ந்திருக்கும் அளவுக்கு.

வார்த்தை வரவில்லை. அன்று சொன்ன அதே வார்த்தை.

"வீட்ல ஒண்ணுமே இல்லீங்க" என்றாள்.

மெல்லும் சத்தம் நின்றது. இருட்டில் அந்த முகம் வாடுவது அவளுக்குத் தெரிந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

உட்கார்ந்தாள். விரல்தொப்பியைக் கழற்றித் தட்டில் வைத்தாள். கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

வாசலில் சாவி திரும்பியது.

"அக்கா? ஏன் இருட்டுல உட்கார்ந்திருக்க? என்ன சாப்பிடற?"

வாய் நிறைய இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. மென்றாள். விழுங்கினாள். மடக்.

மடக்.

"உப்பா இருக்குங்க" என்றாள், எதிர் நாற்காலியைப் பார்த்து.

தங்கை விளக்கைப் போட்டாள். மேஜையெல்லாம் சிவப்பு. தட்டில் விரல்தொப்பி மட்டும் இருந்தது. அதை மாட்டிக்கொள்ள இனி அந்த விரல் இல்லை. எதிர் நாற்காலி, மெதுவாக, இன்னும் நெருங்கி வந்தது.