கழற்றக் கூடாத மரியாதை

வேலுமணியின் ஹெல்மெட்டுக்கு மூன்று இடங்கள் உண்டு. வீட்டில் ஆணியில் தொங்கும். பைக்கில் போகும்போது பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து வரும். சிக்னலில் போலீஸ்காரரின் வெள்ளைச் சட்டை தெரிந்தால் மட்டும் அவசரமாகத் தலையில் ஏறும். சிக்னலைத் தாண்டியதும் மறுபடி டேங்குக்கு இறங்கிவிடும்.

"அது ஹெல்மெட்டுங்களா, போலீசுக்கு வெக்கற வணக்கமுங்களாப்பா?" என்று இளவேனில் ஒருநாள் கேட்டாள். அவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தினமும் காலையில் இளவேனிலின் தலையில் சின்ன ஹெல்மெட்டை வைத்து, வாரை மாட்டி, இழுத்துப் பார்த்து, சந்தேகத்துக்கு இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பவரும் இதே வேலுமணிதான். மகளின் தலை கண்ணாடி, தன்னுடையது கருங்கல் என்று நினைத்திருந்தார் போல.

போன மாதம் இளவேனிலின் வகுப்பில் படிக்கும் யாகூபின் அப்பா பைக்கிலிருந்து விழுந்துவிட்டார். இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். டேங்கின் மேலிருந்த அவருடைய ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

அன்றிலிருந்து இளவேனில் விடவில்லை.

"அப்பா, போட்டுக்கங்க."

"எங்க மொதலாளி ரேஸ் காரையே வெறுந்தொப்பியோட ஓட்டறாரு கண்ணு. கணபதியில நம்ம ஊட்டுல இருந்து பட்டறைக்கு மூணு கிலோமீட்டரு. அதுக்குப் போயி ஹெல்மெட்டா?"

"அவரு போட்டா நீங்களும் போடுவீங்களா?"

வேலுமணி சிரித்தார். "அவரு தலையில ஏறுற அன்னைக்கு என் தலையிலயும் ஏறும். அப்பறம் எறங்காது. போதுமா அம்மணி?"

காக்கை வெள்ளையாகும் நாளைத் தவணையாகச் சொல்லிவிட்ட நிம்மதியில் அவர் வண்டியைக் கிளப்பினார்.

முதலாளியின் பெயர் வரதராஜுலு. தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனி வைத்திருந்தார். அவரிடம் ஒரு பழைய ரேஸ் கார் இருந்தது. ஐம்பது வருடங்களுக்கு முன்னால் அவருடைய அப்பா கோயம்புத்தூர்ப் பட்டறையிலேயே செய்து ஓட்டிய கார். நீல நிறம், ஒற்றை இருக்கை. கூரையும் இல்லை, கதவும் இல்லை. பன்னிரண்டு வருடமாக அதன் எஞ்சினைப் பிள்ளை போலப் பார்த்துக்கொள்பவர் வேலுமணி.

வருடத்துக்கு ஒருமுறை, ஊருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்தில் பழைய கார்கள் எல்லாம் கூடி மூன்று சுற்று ஓடும். தடத்தின் வாசலில் ஒரு பலகை இருந்தது. 'ஹெல்மெட் இல்லாமல் உள்ளே இறங்கக் கூடாது' என்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். அதன் கீழே, 'உபயம்: வரதராஜுலு' என்று அதைவிட நான்கு மடங்கு பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்.

போன வருடம் அந்தப் பலகையைத் தாண்டித்தான் அவர் தொப்பியோடு காரை ஓட்டினார். ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை காற்றில் பறக்கப் பார்த்த தொப்பியில். கார் மாட்டுவண்டிக்கு வழிவிட்டுப் போகிற வேகத்தில் போனது. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் அன்று மதியச் சாப்பாடு அவருடைய உபயம்.

இந்த வருடப் பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலையில் இளவேனில் அப்பாவோடு பட்டறைக்குப் போனாள். வரதராஜுலு காரின் பக்கத்தில் நின்று, பளபளக்கும் அதன் முன்பக்கத்தில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கய்யா," என்றாள் இளவேனில். "நாளைக்கு ஹெல்மெட் போட்டுக்குவீங்களா?"

வேலுமணியின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது.

வரதராஜுலு கோபப்படவில்லை. கோபப்படும் அளவுக்குக்கூட அந்தக் கேள்வி அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. "எங்க நைனா இந்தக் காரைத் தொப்பியோடதான் ஓட்டுனாரு அம்மணி. அதுவுமில்லாம நாளைக்கு எனக்குத் தொப்பியும் இல்ல. உருமால்."

உருமால் என்பது பட்டுத் தலைப்பாகை. பந்தயச் சங்கத்தின் தலைவர் சென்னியப்பன் எல்லோர் முன்னாலும் அதை அவருக்குக் கட்டப் போகிறாராம்.

"கட்டிட்டுக் கழட்டிட்டு, ஹெல்மெட்டு..."

"கழட்டறதா?" வரதராஜுலுவின் மீசை நிமிர்ந்தது. "சபை தலையில வெச்ச மரியாதையை ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் நம்ம கையால கழட்டக் கூடாது. கழட்டினா சபையை அவமதிச்ச மாதிரி. எங்க வம்சத்துல ஒருத்தரும் அப்படிச் செஞ்சதில்ல."

"சபை வெச்சது எதுவா இருந்தாலும் கழட்டக் கூடாதுங்களா?"

"எதுவா இருந்தாலும்."

"சத்தியமாங்க?"

"எங்க நைனா மேல சத்தியம்."

இளவேனில் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். வேலுமணி ஸ்பேனரைத் தேடிக் காருக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தார். அங்கே முகத்தைக் காட்டாமல் இருக்க வசதியாக இருந்தது.

சென்னியப்பனின் இரும்பு கடையும் லேத் பட்டறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவர் அட்டைப்பெட்டியைத் திறந்து உருமால் துணியை அளந்துகொண்டிருந்தார். எட்டு முழம்.

"ஏனுங்கய்யா, லேத்து ஓடறப்ப தோள்ல துண்டு போட்டுக்கலாமுங்களா?" என்று இளவேனில் கேட்டாள்.

"போட்டா வேலையை விட்டே அனுப்பிப்போடுவேன். துண்டு சுத்துச்சுன்னா கழுத்தையும் சேத்து இழுத்துக்கும்."

"அந்த ரேஸ் காருக்கு எஞ்சின் பின்னாடி, மூடாம ஓடுதுங்க. எட்டு முழத் துணி காத்துல அவுந்துச்சுன்னா?"

சென்னியப்பன் கையிலிருந்த பட்டைப் பார்த்தார். பிறகு ஓடிக்கொண்டிருந்த லேத்தைப் பார்த்தார். மெதுவாகத் துணியைப் பெட்டிக்குள் வைத்தார்.

"நாலு நாளா எனக்கும் அதே ரோசனைதான் கண்ணு. அவருகிட்ட யாரு சொல்றது? சங்கத்துக் கட்டடம் அவரு கொடுத்தது. நான் உக்கார்ற நாற்காலிகூட அவரு கொடுத்தது."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. சபை தலையில வெக்கறதுதானுங்களே மரியாதை? ஹெல்மெட்டை வெச்சுப்போடுங்க. கழட்ட மாட்டாரு. அவங்க நைனா மேல சத்தியம் பண்ணியிருக்காருங்க."

சென்னியப்பன் இரண்டு நிமிடம் சத்தமே இல்லாமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"சரி, வாங்கிப்போடலாம். தலை அளவு வேணுமே. அவரைக் கேட்டா தெரிஞ்சு போகும்."

"தொப்பி பட்டறை ஆணியிலதானுங்க தொங்குது," என்றபடியே இளவேனில் ஓடினாள். பத்து நிமிடத்தில் ஒரு துண்டு நூலோடு திரும்பி வந்தாள். தொப்பியின் உள்சுற்றளவு அந்த நூலில் இருந்தது. பேச்சைக் கேட்டால் தோன்றுவதைவிடச் சின்னத் தலைதான்.

ஞாயிற்றுக்கிழமை தடத்தைச் சுற்றி ஏகப்பட்ட கூட்டம். பாதி அப்பாக்கள், பாதி பிள்ளைகள். வெளியே நின்ற பைக்குகளின் டேங்குகளில் எல்லாம் ஹெல்மெட்டுகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

நாதஸ்வரம் வாசித்தார்கள். வரதராஜுலு மேடை ஏறினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. சென்னியப்பன் மைக்கில், "சங்கத்தின் சார்பாக, சபையின் மரியாதை" என்றார். வரதராஜுலு கைகளைக் கூப்பி, தலையைக் குனிந்து, கண்களை மூடிக்கொண்டார்.

பெரிய தாம்பாளம் வந்தது. தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மடித்த பட்டு உருமால். அதன்மேல் நீல நிறத்தில் ஒரு புத்தம்புது ரேஸ் ஹெல்மெட்.

சென்னியப்பன் அதை இரண்டு கைகளாலும் எடுத்து, கூட்டத்துக்கு ஒருமுறை காட்டி, பயபக்தியோடு வரதராஜுலுவின் தலையில் இறக்கினார். வாரை மாட்டினார். 'டக்' என்று சத்தம் வந்தது.

பட்டு ஏன் இவ்வளவு கனக்கிறது என்று வரதராஜுலு கண்ணைத் திறந்தார். உலகம் ஒரு கண்ணாடிக்கு அப்பால் தெரிந்தது.

நாதஸ்வரம் நின்றது. அவருடைய கை விறுவிறுவென்று தாடைக்குக் கீழே போனது. வாரைப் பிடித்தது.

முதல் வரிசையில் இருந்த இளவேனில் அந்தக் கையைப் பார்த்தாள். அந்த வார் அவிழ்ந்தால் அப்பாவின் ஹெல்மெட் இனி எப்போதும் டேங்கில்தான். அவள் எழுந்து நின்றாள்.

"அய்யா, சபை வெச்சதுங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

வரதராஜுலுவின் கை அப்படியே நின்றது. அவர் அவளைப் பார்த்தார். சென்னியப்பனைப் பார்த்தார். சென்னியப்பன் வானத்தைப் பார்த்தார். வரதராஜுலு கையை வாரிலிருந்து எடுத்து மீசையை முறுக்கப் போனார். மீசை ஹெல்மெட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "சபை வெச்சது வெச்சதுதான்," என்று குரல் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் உள்ளே போய் வேட்டியை மாற்றி, பந்தய உடுப்போடு வந்து காரில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை இளவேனில்கூட எதிர்பார்க்கவில்லை.

இந்த முறை பிடித்துக்கொள்ளத் தொப்பி இல்லை. அதனால் வரதராஜுலுவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. முதல் சுற்றில் கார் சிணுங்கியது. இரண்டாவது சுற்றில் உறுமியது. மூன்றாவது சுற்றில் அந்த நீலக் கார் வளைவில் சாய்ந்து திரும்பி, நேர்த்தடத்தில் கூவிக்கொண்டு போனபோது கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. மனிதர் நிஜமாகவே நன்றாக ஓட்டினார். அவருக்கே அது அன்றுதான் தெரிந்திருக்கும்.

வேலுமணி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கேட்டியா கண்ணு அந்தச் சத்தத்தை? பன்னெண்டு வருசமா அந்த எஞ்சினுக்குள்ள இருந்துச்சு. இன்னைக்குத்தான் வெளிய வந்துருக்குது." அவர் கண் கலங்கியிருந்தது. புழுதி என்று துடைத்துக்கொண்டார்.

"என்ற அப்பா பாத்துக்கற எஞ்சினுங்க," என்று இளவேனில் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரிடம் சொன்னாள்.

வரதராஜுலு சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஹெல்மெட்டோடு பரிசு வாங்கினார். ஹெல்மெட்டோடு நன்றி சொன்னார். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, அந்தச் சந்து வழியாகவே ஒரு ஜிலேபியும் சாப்பிட்டார். போட்டோ எடுக்க வந்தவர்களிடம், "பிள்ளைங்களுக்கு நாமதானுங்க முன்மாதிரியா இருக்கோணும். அதான் இந்த வருசம் ஹெல்மெட்டுதான் வேணும்னு நானே சொல்லிப்போட்டேன்," என்றார்.

சென்னியப்பன் மறுபடியும் வானத்தைப் பார்த்தார். இளவேனில் ஆமாம் என்பது போலத் தலையாட்டினாள். அந்தப் பெருமையை அவரே வைத்துக்கொள்ளட்டும். அவளுக்கு வேண்டியது வேறு.

வெளியே வந்ததும் வேலுமணி வழக்கம்போல மகளின் ஹெல்மெட் வாரை மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு பைக்கில் ஏறப் போனார்.

"அப்பா, குனியுங்க."

வேலுமணி ஒரு நொடி யோசித்தார். பிறகு குனிந்தார். இளவேனில் டேங்கின் மேலிருந்த ஹெல்மெட்டை இரண்டு கைகளாலும் எடுத்து, சட்டையில் தூசி துடைத்து, சென்னியப்பன் வைத்தது போலவே பயபக்தியோடு வைத்தாள். வாரை மாட்டினாள். இழுத்துப் பார்த்தாள். இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தாள்.

"ஊடு போற வரைக்கும் கழட்டக் கூடாதுங்கப்பா."

"தெரியுமுங்க அம்மணி."

கணபதி சிக்னலில் விளக்கு சிவப்பாக இருந்தது. வெயில் சாய்ந்திருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு போலீஸ்காரர்கூட இல்லை. வேலுமணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், உருமால் கட்டியவர் மாதிரி.