கல்யாணச் சில்லு

ஏரிமேடு குடியிருப்பில் பொழுது விடிந்ததும் கணவன்மார் செய்கிற முதல் வேலை, பக்கத்தில் தூங்கும் மனைவியின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பதுதான். அங்கே தோலுக்கு அடியில் கடுகளவு விளக்கு ஒன்று இருக்கும். பச்சை எரிந்தால் நிம்மதியாக அடுப்பு மூட்டப் போவார்கள். மஞ்சள் எரிந்தால் ஆக வேண்டியதைப் பார்ப்பார்கள். சிவப்பு எரியும்வரை யாரும் விட்டுவைப்பதில்லை.

அன்று காலை பவளத்தின் மணிக்கட்டில் சிவப்பு எரிந்தது.

மாதையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். சிவப்புதான்.

மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல், அந்த ஊர்ப் பெண்களின் இதயத்தைத் தளரச் செய்துவிட்டுப் போயிருந்தது. அதிலிருந்து பெண் குழந்தைகள் எல்லோருக்கும் நெஞ்சுக்குள் ஒரு துடிப்பி வைக்கிறார்கள். நகத்தளவு மின்கலம் ஒன்று அதை ஓட்டும். கலம் பத்து வருஷம் உழைக்கும். தீர்ந்தால் மாற்றிக்கொள்ள வீட்டிலேயே ஒரு மாற்றுக்கலம் இருக்கும்.

"மாத்துக்கலம் எங்க?" என்று கேட்டான், பதில் தெரிந்தும்.

"அதான் போன மாசமே சொன்னேனே. பக்கத்து வீட்டு ரஞ்சிதத்தோட பொண்ணுக்குக் குடுத்துட்டேன். நாலு வயசுப் புள்ளைங்க அது."

"மஞ்சள் எரியறப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"எரிஞ்சு நாலு நாளாச்சு." பவளம் எழுந்து முடியை அள்ளிச் செருகினாள். "காலையில கையைத் தலகாணிக்கு அடியில வெச்சுக்கிட்டேன். சொன்னா மலைக்குப் போறேன்னு கிளம்பிடுவீங்க."

அவனுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. சிவப்பு எரிந்தால் பொழுது சாயும்வரைதான் தாங்கும்.

புதிதாகக் கலம் செய்யத் தெரிந்தவர்கள் உலகத்தில் எங்கும் இல்லை. மலைமேல் பழைய காலத்துப் புல்வெட்டும் இயந்திரங்கள் காடு பிடித்துத் திரிந்தன. வெயிலைத் தின்று, புல்லை வெட்டி, ஆளைக் கண்டால் ஓடி ஒளியும். மேய்வான்கள் என்று அவற்றுக்குப் பெயர். அவற்றின் வயிற்றில் இருக்கும் கலம் துடிப்பிக்குப் பொருந்தும். வருஷத்துக்கு இரண்டு முறை வேட்டைக்குப் போய்க் கிடங்கை நிரப்பி வைப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் பெய்த அடைமழையில் மலைச்சரிவு பிளந்தது. பிளவிலிருந்து புலி வெளியே வந்தது. அதோடு வேட்டை நின்றது. கிடங்கு காலியானது. ஊரிலிருந்த மாற்றுக்கலங்கள் ஒவ்வொன்றாக ஒவ்வொருத்தி நெஞ்சுக்குள் போய்விட்டன.

அதுவும் இயந்திரம்தான். ஆனால் மேய்வான்களைப் போல ஆளைக் கண்டு ஓடவில்லை. ஆளைத் தேடி வந்தது. மூன்று பேரைக் கொன்றிருந்தது. மூன்று பேர் உடம்பிலும் ஒரு கடி இல்லை, ஒரு கீறல் இல்லை. இடது தோளெலும்பும் விலாவும் மட்டும் நொறுங்கிக் கிடந்தன. தின்னவும் செய்யாமல் எதற்குக் கொல்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. கூட்டமாகப் போனால் நிச்சயம் வரும், தனியாகப் போனால் வராமலும் போகலாம் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

பவளத்தின் அண்ணன் செங்கோடன் ஈட்டியோடு வாசலில் வந்து நின்றான்.

"நானும் வர்றேன் மாப்ள."

"வேண்டாம் மச்சான். ரெண்டு பேரானா அது மோப்பம் புடிச்சு வந்துடும். நீங்க இவளைப் பாத்துக்குங்க."

பவளம் உள்ளே போய் ஒரு துணிப் பையைக் கொண்டுவந்தாள். அதில் அவர்களுடைய கல்யாணச் சில்லு இருந்தது. உள்ளங்கையில் அடங்கும், கறுப்பாகப் பளபளக்கும் தட்டையான சில்லு.

பவளம் தோண்டுகுழியில் வேலை செய்கிறவள். மண்ணுக்குள் புதைந்த பழைய நகரத்தைத் தோண்டி உலோகம் எடுப்பார்கள். அங்கே கிடைக்கிற எலும்புக்கூடுகளில் பாதிக்கு மேல் இப்படி ஒரு சில்லைக் கையில் இறுகப் பிடித்தபடிதான் கிடைக்கும். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். ஒருமுறை பீங்கான் குவளை ஒன்றும் கிடைத்தது. அதில் மாலையும் கழுத்துமாக ஓர் ஆணும் பெண்ணும் படமாக இருந்தார்கள். தலையோடு தலை சாய்த்து, பல் தெரியச் சிரித்து, ஆண் ஒரு கையை நீட்டி எதையோ தூக்கிப் பிடித்திருந்தான். அது இந்தச் சில்லுதான், முன்னோர்கள் கல்யாணத்தில் செய்த சடங்கு இது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அன்றுமுதல் ஏரிமேட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும் சில்லை நீட்டிப் பிடித்து, அதைப் பார்த்துச் சிரித்தால்தான் கல்யாணம்.

மாதையன் மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. செத்தவன் கையிலிருந்து பிடுங்கியதைப் பார்த்து என்ன சிரிப்பு என்று உதட்டை மூடிக்கொண்டு நின்றான். ஒன்பது வருஷமாகியும் பவளம் அதை மறக்கவில்லை. குழம்பில் உப்பு கூடினால்கூடப் பேச்சு அங்கே போய்த்தான் நிற்கும்.

"இடுப்புல கட்டிக்குங்க" என்றாள்.

"இது எதுக்கு?"

"எனக்காக."

கட்டிக்கொண்டான். அவர்கள் இருவர் காதுக்குப் பின்னாலும் செவிமணி பதிந்திருந்தது. எவ்வளவு தூரத்திலிருந்தும் பேசலாம். ஆனால் பவளத்தின் செவிமணி அவளுடைய துடிப்பியின் கலத்திலேயே ஓடியது. ஒரு நிமிஷம் பேசினால் பத்து நிமிஷ உயிர் போகும்; சும்மா கேட்பதற்குச் செலவில்லை.

"என்ன ஆனாலும் பேசாதே பவளம்."

தலையை ஆட்டினாள்.

இரண்டு மணி நேர ஏற்றம். மேலே போனதும் வெயில் பார்த்த சரிவுகளை ஒவ்வொன்றாகத் தேடினான். புலி வந்ததிலிருந்து மந்தைகள் கலைந்துபோயிருந்தன; முன்பு மேய்வான்கள் கூட்டமாக நிற்கும் இடங்களில் புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. உச்சிவெயிலில்தான் ஒன்றே ஒன்று கண்ணில் பட்டது. ஆமை போல முதுகை வெயிலுக்குக் காட்டி நின்றிருந்தது. மாதையன் வயிற்றால் ஊர்ந்து, காற்றசையும்போது அசைந்து, நிற்கும்போது நின்று, பத்தடி தூரத்துக்கு வந்தான். தோளிலிருந்த கறுப்புக் கம்பளியை உதறி வீசினான். வெயில் மறைந்தால் மேய்வானுக்கு இரவு. ஒருமுறை முனகிவிட்டுத் தூங்கிப்போனது. புரட்டிப்போட்டு, வயிற்றைத் திறந்து, கலத்தைப் பிடுங்கினான்.

பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு புளியங்கொட்டை அளவுதான். அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது. உள்சட்டைப் பையில் போட்டுத் தைத்த மாதிரி முடிச்சிட்டான். இறங்க நேரம் தாராளமாக இருக்கிறது என்று நினைத்துத் திரும்பினான்.

பாதையில் புலி நின்றது.

ஒரு வாசமும் இல்லாமல், ஒரு சத்தமும் இல்லாமல் வந்திருந்தது. எருமை உயரம். முகத்தின் ஒரு பக்கம் மஞ்சளும் கறுப்புமாகத் தோல் தொங்கியது. மறுபக்கம் உரிந்து வெறும் எஃகு. ஒரு கண்ணாடிக் கண்ணில் விரிசல். மாதையன் மூச்சை அடக்கி நின்றான். அதுவும் நின்றது. அவன் ஓரடி பின்வாங்கினான். அது ஓரடி முன்னால் வந்தது.

முதுகிலிருந்த ஈட்டியை எடுத்து முழு பலத்தோடு அதன் நெஞ்சில் எறிந்தான். ஈட்டி இரண்டாக முறிந்து விழுந்தது. புலி அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பி ஓடினான். தலைக்கு மேல் ஒரு நிழல் போனது. மறுபடியும் அது முன்னால் நின்றது. இடப்பக்கம் ஓடினால் இடப்பக்கம், வலப்பக்கம் ஓடினால் வலப்பக்கம். நாலாவது முறை கால் தடுக்கி ஒரு பாறையில் முதுகு மோதி உட்கார்ந்துவிட்டான்.

அது வந்தது. கடிக்கும் என்று கண்ணை மூடினான். கடிக்கவில்லை. அவன் இடப்பக்கத்தில், அவனை ஒட்டினாற்போல உட்கார்ந்தது. பிறகு தன் முன்னங்காலைத் தூக்கி அவன் தோள்மேல் போட்டது.

ஒரு மூட்டை நெல்லைப் போட்ட மாதிரி இருந்தது. தோளில் ஏதோ நெரிபடும் சத்தம் அவனுக்கே கேட்டது. நழுவப் பார்த்தான். பிடி இறுகியது. அசையாமல் இருந்தான். பிடி தளரவும் இல்லை. புலி அவனைப் பார்க்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தான். வாயை லேசாகத் திறந்து, எதிரே வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டு, எதற்கோ காத்திருப்பது போல உட்கார்ந்திருந்தது.

வெயில் பாறையிலிருந்து இறங்கிப் புல்லுக்குப் போனது. மாதையன் திட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், வலக்கையால் கல்லெடுத்து அதன் தாடையில் அடித்துப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அந்தக் கால் இன்னும் கொஞ்சம் அழுத்தியது. மூச்சு பாதிதான் வந்தது. மூன்று பேரும் எப்படிச் செத்தார்கள் என்று இப்போது தெரிந்துவிட்டது. பையில் கலம் வெதுவெதுப்பாக நெஞ்சில் பட்டுக்கொண்டிருந்தது. அதைக் கீழே கொண்டுபோகத்தான் ஆள் இல்லை.

"ஏங்க" என்றது காதுக்குள் ஒரு குரல்.

"பேசாதே" என்று பதறினான். "பவளம், பேசாதே. வெச்சிடு."

"உங்க மூச்சு சரியில்லைங்க. ரொம்ப நேரமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். புலியா?"

பொய் சொல்ல வரவில்லை. "ஆமா."

அவள் பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் கலம் கரைந்துகொண்டிருந்தது.

"கலம் கெடச்சுதா?"

"கெடச்சுது. பையிலதான் இருக்கு. நான்தான் வர முடியல."

"சரி விடுங்க." அவள் குரல் சமையலறையிலிருந்து பேசுவது போலச் சாதாரணமாக இருந்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், செய்வீங்களா?"

"சொல்லு."

"அன்னிக்கு மேடையில நான் மட்டும் தனியா இளிச்சுக்கிட்டு நின்னேன். ஊரே சிரிச்சுது. இப்ப அந்தச் சில்லை எடுத்துப் புடிச்சு ஒரே ஒரு தடவை சிரிங்க. எனக்குத் தெரியப்போறதில்ல. சிரிச்சேன்னு சொன்னீங்கன்னா போதும். நானும் இங்க சிரிக்கறேன்."

இந்த மனுஷியிடம் ஒன்பது வருஷமாக ஒரு சிரிப்பைக் கடனாக வைத்திருந்தோமே என்று நினைத்தான். வலக்கையால் இடுப்பைத் துழாவிச் சில்லை எடுத்தான். சடங்கில் சொல்லித் தந்த மாதிரியே கையை முழுதாக நீட்டி, முகத்துக்குக் கொஞ்சம் மேலே பிடித்தான். தலையை அன்று மேடையில் அவள் நின்ற பக்கமாகச் சாய்த்தான். கன்னமெல்லாம் கண்ணீராக, பல் அத்தனையும் தெரியச் சிரித்தான்.

"சிரிச்சுட்டேன் பவளம்."

புலி அசைந்தது. தன் பெரிய தலையைக் கொண்டுவந்து அவன் தலையோடு ஒட்டியது. குளிர்ந்த எஃகு அவன் கன்னத்தில் பட்டது. இரண்டு கண்களும் பளிச்சென்று எரிந்தன. வாய் அகலத் திறந்து பற்கள் அனைத்தும் வெளியே வந்தன. அதன் நெஞ்சுக்குள் மூன்று முறை சின்ன மணி அடித்தது.

மாதையனின் கை தானாகத் தாழ்ந்தது. தோள்மேல் இருந்த பாரம் விலகியது.

"நன்றி. மீண்டும் வருக" என்றது புலி, இனிமையான ஒரு பெண் குரலில். பிறகு எழுந்து வாலை ஆட்டிக்கொண்டே போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, அடுத்த ஆளுக்காகப் பாதையைப் பார்க்கத் தொடங்கியது.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த மலையில் ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. சீட்டு வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்று, புலியின் தோளில் சாய்ந்து, கைபேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். படம் எடுக்காமல் யாரையும் அனுப்பக் கூடாது என்று புலிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பசியும் இல்லை, பகையும் இல்லை. சொல்லிக் கொடுத்ததைச் செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். எவ்வளவு அழுத்தினால் மனிதனுக்கு வலிக்கும் என்பதை மட்டும் மண்ணுக்குள் கிடந்த காலத்தில் மறந்துவிட்டிருந்தது. இதெல்லாம் மாதையனுக்குத் தெரியாது. ஏரிமேட்டில் யாருக்கும் தெரியாது.

அவன் இறங்கவில்லை, உருண்டான் என்றுதான் சொல்ல வேண்டும். வாசலில் வந்து விழுந்தபோது ஏரியில் சூரியன் பாதி முழுகியிருந்தது. பவளத்தின் மணிக்கட்டில் சிவப்பு நின்று நின்று எரிந்தது. செங்கோடன் கலத்தை வாங்கி, அவள் கழுத்தெலும்புக்குக் கீழே இருந்த மூடியைத் திறந்து பொருத்தினான். விளக்கு அணைந்தது. பிறகு பச்சை எரிந்தது.

மூன்றாம் நாள் ஊர்க்கூட்டம் முடிந்து செங்கோடன் வந்தான். மாதையன் தோளில் கட்டோடு படுத்திருந்தான். பவளம் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"கூட்டத்துல எல்லாத்தையும் அலசிட்டாங்க மாப்ள. சில்லு வெறும் கல்யாணச் சாமான் இல்ல. புலியை அடக்கற ஆயுதமாம். நாளையிலிருந்து வேட்டைக்குப் போறவங்க எல்லாம் கையை நீட்டிப் புடிச்சுச் சிரிச்சுப் பழகணும்னு உத்தரவு. முறைக்கிற மூஞ்சிக்காரங்களை வேட்டைக்குச் சேக்க மாட்டாங்களாம்."

"அப்ப இவரை எப்படிச் சேப்பாங்க?" என்றாள் பவளம். "கட்டுன பொண்டாட்டிக்குச் சிரிக்காத மனுஷன். புலி பக்கத்துல வந்து உக்காந்தாத்தான் பல்லு தெரியுது."

மாதையன் சிரித்தான். தோள் வலித்தது. வலித்தாலும் சிரித்தான்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். சிரிப்பு மெல்ல முகத்திலிருந்து இறங்கியது.

"நான் வேற ஒண்ணை நெனச்சுக்கிட்டிருக்கேங்க. குழியில எத்தனை பேர் கையிலிருந்து இந்தச் சில்லைப் பிரிச்செடுத்திருக்கேன். சாப்பாட்டு மேசையில உக்காந்தபடியே புடிச்சிருப்பாங்க. படுக்கையில, புருஷன் ஒரு பக்கம் பொண்டாட்டி ஒரு பக்கமா திரும்பி, ஆளுக்கொண்ணு புடிச்சிருப்பாங்க. தொட்டில் பக்கத்துல ஒரு அம்மா, ஒரு கை தொட்டில்ல, ஒரு கையில இது. ஒரு நிமிஷம்கூடக் கீழ வெக்கலை."

அவன் மணிக்கட்டைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"வீட்டுக்குள்ளேயே எத்தனை புலி இருந்திருக்கணும் பாருங்க. பாவம், பயந்து பயந்தே வாழ்ந்திருக்காங்க."