உள்ளிருந்து அடித்த முத்திரை

முத்திரைகள் புடைத்திருந்தன.

வெள்ளியில் முத்திரை குழிந்துதான் இருக்கும். வெளியே அச்சை வைத்துச் சுத்தியலால் அடிப்பது. பழைய இங்கிலாந்துச் சாமான்களை உற்றுப் பார்த்தே கண்ணாடி போட்டுக்கொண்டவள் அவள். தம்பி வாங்கி விற்பான், அக்கா முத்திரை பார்த்துச் சொல்வாள்; அம்மா அப்பா போனபின் அவனை ஆளாக்கியதும் அவள்தான். தம்பி புதிதாக வாங்கிவந்த இந்த வெள்ளித் தேயிலைப் பெட்டியின் அடியிலோ சிங்கமும், ஊரைக் காட்டும் நங்கூரமும், ஆண்டைச் சொல்லும் எழுத்தும் கொப்புளம்போல எழும்பி நின்றன. மூடியைச் சுற்றி ஈயம் வைத்து அடைத்திருந்தது. செய்தவனின் பெயரெழுத்து முத்திரை மட்டும் இல்லை.

மத்தியானத்திலேயே இருட்டிக்கொண்டு மழை பிடித்துக்கொள்ள, மெருகுப் பொடியின் வாடையும் ஈரச் சுவரின் வாடையும் கலந்து மூச்சை அடைத்த அந்தப் பின்னறையில், லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு அவள் குனிந்தபோது, பெட்டிக்குள்ளே, நகத்தால் தட்டுவதுபோல மெல்ல, டக் என்றது.

விரல் சுட்டது. செய்தவனின் முத்திரை இல்லாமல் வெறுமையாக இருந்த இடத்தில் இப்போது ஓர் எழுத்து.

"தம்பி, இதைத் திருப்பிக் குடுத்துடுடா. உள்ளேருந்து யாரோ தட்டுறாங்க."

"அப்போ திறந்து விட்டுடலாம், பாவம்." சிரித்துக்கொண்டே பெட்டியைக் காதோரம் ஆட்டினான். "பேயா இருந்தா அதுக்கும் ஒரு விலை போட்டுடுவோம்க்கா."

"விளையாடாதே. எனக்குப் பயமா இருக்கு."

"நீ உக்காரு. ரெண்டே நிமிஷம்."

பக்கத்துப் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஈயத்தை உருக்கும் சுடர் சீறியது. அவன் ஏதோ முணுமுணுத்தான். பிறகு, "அட" என்றான்.

அதற்குப்பின் சுடர் மட்டும் சீறியது.

"தம்பி?"

கதவைத் தள்ளினாள். அந்த அறைக்கு வேறு வாசல் இல்லை. ஜன்னலும் இல்லை. மேசையில் சுடர் நீலமாக எரிந்தது. தரையில் அவன் செருப்பு. அவன் இல்லை.

பெட்டி இருந்தது. ஈயம் உருகவே இல்லை.

டக்.

டக். டக்.

வேகமாக.

கவிழ்த்தாள். செய்தவனின் முத்திரை முழுதாகியிருந்தது. அதன் பக்கத்தில், வரி கட்டியதற்கு அடையாளமாக அரசரின் தலையைப் பதிக்கும் இடத்தில், சின்னதாக ஒரு தலை எழும்பிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் அல்ல. நேராக. நெற்றி. மூக்கு. பற்கள்.

கை தன்போக்கில் லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டுபோனது.

தம்பியின் வாய் திறந்தது. வெள்ளி அதோடு இழுபட்டது. மூடியது. மறுபடி திறந்தது.

அக்கா, என்றது.