எண்பத்தாறு பொட்டலங்கள்

பிரின்சிக்கு யாருக்காவது உதவி செய்வதென்றால் கொள்ளை ஆசை. அந்த ஆசைதான் அவளை இப்படி மாட்டிவிட்டது.

காலாண்டு விடுமுறை. அம்மா ஆரோக்கியமேரி கவரைப்பேட்டை பக்கத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் துறை உதவியாளர். மகளைத் தனியாக விட மனமில்லாமல் வேலைக்குக் கூட்டிவந்திருந்தார். துறையின் கடைசி அறைக்கு ஹெர்பேரியம், அதாவது காய்ந்த தாவரங்களைச் சேர்த்துவைக்கும் இடம், என்று பெயர். பெயர்தான் பெரிது. உள்ளே ஒரு துருப்பிடித்த பீரோவும், ஒழுகும் கூரைக்குக் கீழே ஒரு வாளியும் இருந்தன. பீரோவுக்குள் எண்பத்தாறு காக்கிப் பொட்டலங்கள்.

“உள்ள இன்னா இருக்கு மேடம்?” என்று முதல் நாளே பிரின்சி கேட்டாள்.

“காய்ஞ்ச காளானும் லைக்கனும். பிரியாணிக்குக் கல்பாசி போடுறாங்கல்ல? அது ஒரு லைக்கன்தான்,” என்றார் அந்த அறையைக் கவனித்துக்கொள்ளும் பேராசிரியை ஜோதிலட்சுமி மேடம்.

“அப்ப இது பிரியாணி பீரோவா?”

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வாரம் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வீரராகவன் என்ற பேராசிரியர் முப்பது வருடங்களுக்கு முன்னால் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தவை அவை. அவர் இப்போது இல்லை. புகை அதிகமான இடத்தில் லைக்கன் பிழைக்காதாம். தொழிற்சாலைகள் வந்த பிறகு அவர் எடுத்த மரங்களின் பட்டையில் இப்போது ஒன்றுமே இல்லை என்றார் மேடம். ஒரு லேபிளில் பிரின்சியின் தெருவே இருந்தது: ‘கவரைப்பேட்டை, சர்ச் வேம்பு, வடக்குப் பக்கம், முழங்கால் உயரம்’. அன்று மாலையே ஓடிப்போய்ப் பார்த்தாள். ரோட்டுப் பக்கப் பட்டையில் கரிதான் இருந்தது.

சனிக்கிழமை இந்த அறையைக் காலி செய்ய வேண்டும். உடைந்த நாற்காலிகளை இங்கே போடப் போகிறார்கள். சென்னையில் ஒரு பெரிய ஹெர்பேரியம் பொட்டலங்களை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தது. ஆனால் ஒவ்வொன்றையும் லேபிளோடு படம் எடுத்து, கணினியில் ஏற்றித் தர வேண்டும். ஸ்கேனர் வாங்கக் கல்லூரியில் காசில்லை. செருப்பு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, மேல் பக்கம் தன் செல்போனை வைத்துப் படம் எடுப்பதாக மேடம் ஏற்பாடு செய்திருந்தார்.

வியாழக்கிழமை மேடம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். பிரின்சி பொட்டலங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு லேபிளையும் ஒரு குண்டூசி பிடித்திருந்தது. எல்லாம் துரு. படத்தில் அசிங்கமாகத் தெரியுமே!

ஊசிகளை ஒவ்வொன்றாக, காகிதம் கிழியாமல் உருவினாள். லேபிள்களை ஒரு அடுக்கு, பொட்டலங்களை ஒரு அடுக்கு. எவ்வளவு அழகாக அடுக்கினாள் தெரியுமா!

மேடம் வந்தார். இரண்டு அடுக்கையும் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“எது எதோட லேபிள்?” என்றார் மெதுவாக.

பிரின்சிக்கு அப்போதுதான் உறைத்தது.

“எங்க, எப்ப எடுத்ததுன்னு தெரியலைன்னா இது வெறும் குப்பைம்மா. யாரும் வாங்க மாட்டாங்க.”

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அம்மாதான் திட்டினார். “சும்மா இருக்க மாட்டியாடி நீ? பேஜாரு பண்ணிட்டியே! இத்தினி வருசமா நான் தொடச்சி வச்ச பீரோ!” திட்டி முடித்துவிட்டு அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மேடம் பொட்டலங்களைத் திறந்து பார்த்தே கண்டுபிடிக்க முயன்றார். எல்லாமே சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடந்தன. மதியத்துக்குள் இரண்டுதான் சேர்ந்தன. “முடியாது மேரி,” என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

அம்மா சாப்பிட்டுவிட்டுப் பையிலிருந்து தன் பிரஷர் மாத்திரையை எடுத்தார். தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழித்து அதில்தான் மடித்து எடுத்துவருவார். பிரின்சி அதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். இன்று அவள் கண் அம்மாவின் கையிலிருந்து மேடத்தின் மேசைக்குத் தாவியது. அங்கே திறந்து கிடந்த பொட்டலத்துக்குள், லைக்கனைச் சுற்றியிருந்த தாளில் ‘ராகு காலம்’ என்று அச்சாகியிருந்தது.

“மேடம், அது காலண்டர் தாள்தானே?”

“ஆமாம்மா. வீரராகவன் சாருக்கும் காசில்ல. கெடச்ச தாள்ல மடிச்சிருக்கார்.”

“கெடச்ச தாள் இல்ல மேடம்! எங்கம்மா மாதிரி காலைல கிழிச்சி பாக்கெட்ல போட்டுக்கினு போயிருப்பாரு. அது அன்னிக்குத் தாளு! லேபிள்லயும் தேதி இருக்குதுல்ல?”

மேடம் கண்ணாடியைத் தேடினார். அது அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

முதல் தாளில் 1993 ஜூலை 11. பிரின்சி லேபிள் அடுக்கில் தேடினாள். அதே தேதியில் ஒன்று இருந்தது! மூவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே நாளில் மூன்று நான்கு எடுத்த இடங்களில் மறுபடி குழம்பியது. அங்கே துரு கைகொடுத்தது. லேபிளில் இருந்த ஊசிக்கறையையும் பொட்டலத்தில் இருந்த கறையையும் பொருத்திப் பார்த்தார்கள். எந்தத் துருவை வேண்டாமென்று உருவினாளோ, அதுவே அவளைக் காப்பாற்றியது.

சாயங்காலத்துக்குள் எண்பத்துமூன்று சேர்ந்துவிட்டன. மூன்றில் மட்டும் பூச்சி தேதியையும் கறையையும் தின்றுவிட்டிருந்தது.

“குத்துமதிப்பா ஒட்டிடலாமா?” என்றார் மேடம். களைத்துப்போயிருந்தார்.

“வேணாம் மேடம்,” என்றாள் பிரின்சி. “தெரியலன்னே எழுதுங்க. பிரின்சிதான் கலைச்சான்னும் எழுதிடுங்க.”

மேடம் அவளைப் பார்த்தார். ‘தெரியவில்லை’ என்று மட்டும் மூன்று முறை எழுதினார். பிறகு அம்மா வைக்க, பிரின்சி எடுக்க, செருப்புப் பெட்டி ஓயாமல் வேலை செய்தது.

சனிக்கிழமை வேன் வந்து எண்பத்தாறு பொட்டலங்களையும் ஏற்றிக்கொண்டு போனது. அறையில் நாற்காலிகளைக் குவித்தார்கள். பீரோ மட்டும் நகர்த்த முடியாமல் மூலையிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை காலண்டர் தாளை அவளே கிழித்தாள்.

“ஏய், என் மாத்திரைய எதுல மடிக்கறது?”

“நீதான் இன்னிக்கு ஊட்ல இருக்கியே! டப்பாவுலயே இருக்கட்டும்.”

சர்ச் முடிந்ததும் வேப்பமரத்தடிக்குப் போனாள். அன்று பார்த்தது ரோட்டுப் பக்கம். லேபிளில் இருந்தது வடக்குப் பக்கம், முழங்கால் உயரம். புது கவுனோடு மண்டியிட்டாள். பட்டை இடுக்கில், கடுகளவில், சாம்பலும் பச்சையுமாக ஒரு பொட்டு இருந்தது.

நகத்தை அருகில் கொண்டுபோனாள். அப்புறம் கையை இழுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மேடத்திடம், ஞாயிற்றுக்கிழமைக் காலண்டர் தாளில் மடித்த ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். பிரித்தால் காலி. மேலே லேபிளில் பென்சில் எழுத்து: ‘சர்ச் வேம்பு, வடக்குப் பக்கம், முழங்கால் உயரம். இருக்கிறது. எடுக்கவில்லை. பிரின்சி, ஆறாம் வகுப்பு.’

மேடம் இரண்டு முறை படித்தார். ஓரத்தில் 87 என்று எண் போட்டார். நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து போய், காலி பீரோவைத் திறந்து அதை உள்ளே வைத்துப் பூட்டினார்.