கிருத்திகையன்று மாறிய பை

ஆடிக் கிருத்திகை. பொழுது விடியுமுன்பே திருத்தணி ஊர் முழுக்க "அரோகரா" என்று மலையைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. மனோரமாவின் வீட்டில் மட்டும் வேறு கூச்சல்.

"அத்தே! இன்னா அத்தே இது! பூஜை ரூம்ல கருவாடு!"

மருமகள் தேவிப்பிரியா மூக்கைப் பொத்திக்கொண்டு துணிப்பையைக் கவிழ்த்தாள். கவர் பிரிந்து நெத்திலிக் கருவாடு தரையெல்லாம் சிதறியது. கூடவே கேழ்வரகு மாவும் ரொட்டிப் பாக்கெட்டும். காவடிக்கு வாங்கிய மஞ்சள், கற்பூரம், வெல்லம் எதையும் காணோம்!

அடுப்படியிலிருந்து ஓடிவந்த மனோரமா தரையைப் பார்த்தாள். ஐயோ, பை மாறிவிட்டது! நேற்று அரக்கோணம் ஸ்டேஷனில், மணவூர் வழியாகப் போகும் ரயில் கிளம்புகிற அவசரத்தில் கொடுத்தது... இரண்டும் ஒரே மாதிரி பை. பூஜை சாமான்தானே என்று பிரிக்காமலே கொண்டுவந்து சாமி முன்னால் வைத்துவிட்டாள்.

குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, காவடி தூக்கத் தயாராக நின்ற கணவர் ஜம்புலிங்கத்தின் கண் சிவந்தது.

"விரதம் இருக்கிற ஊட்டுல கருவாடா? இதுக்குத்தான் இங்க இருக்கிற கடையெல்லாம் உட்டுட்டு வாராவாரம் அரக்கோணத்துக்கு ஓடிகினு இருக்கிறியா?"

"நான் அப்பவே சொன்னேனே மாமா! ரெண்டு பையோட போறாங்க, ஒண்ணுதான் திரும்பி வருது. போன்ல ஆர்டர் போட்டா வாசலுக்கே வந்துடும்னாலும் கேக்கல. அவங்க தம்பி ஊட்டுக்குப் போவுது மளிகை..."

தம்பி வீடாம்! பேச்சைப் பார்! வாழ வந்த நாளிலிருந்து பிறந்த வீட்டுக்கு ஒரு பிடி உப்பாவது எடுத்துக் கொடுத்திருப்பாளா அவள்? மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது முகம் சுளிக்காமல் எல்லாம் அள்ளிப் போட்டவளுக்கு இந்தப் பேச்சு!

"யாருக்குடி இது? வாயத் தொற!"

"முருகன் மேல சத்தியமா நான் துண்றதுக்கு இல்லீங்க..."

"அப்ப யாருக்கு?"

மனோரமா எப்படிச் சொல்வாள்? சொன்னால் ஷோபனாவின் பெயர் வெளியே வரும். ஷோபனா, ஜம்புலிங்கத்தின் ஒரே தங்கை. மணவூரில் தறி ஓட்டுகிறவனை விரும்பிக் கட்டிக்கொண்டாள் என்று அவளைத் தலைமுழுகியவர் அவர். "அவ பேரை எடுத்தா நீயும் அவகூடவே போயிடு!" என்று மனைவிக்கும் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

"பேச மாட்டியா? இன்னிக்கி நான் காவடி எடுக்கல. நீயும் இந்த ஊட்டுல இருக்காத, கெளம்பு!"

அப்போது வாசல் கேட் கிறீச்சிட்டது. ஷோபனா! தலை பாதி நரைத்திருந்தது. கையில் அதே மாதிரி பை. உள்ளே காலெடுத்து வைக்காமல் வெளியிலேயே நின்றாள்.

"அண்ணி... ஊட்டுக்குப் போயி பிரிச்சா மஞ்சளும் கற்பூரமுமா இருந்துச்சு. அண்ணன் காவடிக்காச்சேன்னு மொத வண்டி புடிச்சி வந்தேன். இங்கயே வச்சிட்டுப் போறேன்..."

"வைக்காத! நில்லு!"

மனோரமாவின் குரலில் அப்படி ஒரு அதட்டல் இருக்கும் என்று அந்த வீட்டில் யாருக்குமே தெரியாது. கணவரின் பக்கம் திரும்பினாள்.

"யாருக்குன்னு கேட்டீங்களே... உங்க கூடப் பொறந்தவளுக்கு! அவ ஊட்டுக்காரரு கையி காலு வராம படுத்துகினு இருக்காரு. கருவாட்டுக் கொழம்பு இருந்தாத்தான் நாலு வாய் சோறு எறங்குது. அதுவும் உங்க காசுல இல்ல, நான் ஜாக்கெட்டு தெச்ச காசு! தங்கச்சிய தெருவுல நிக்க வச்சிட்டு நீங்க தூக்கினு போற காவடிய அந்த முருகன் ஏத்துக்குவானா?"

"அத்தே... தெரியாம பேசிட்டேன்..." தேவிப்பிரியா அழுதேவிட்டாள்.

"பேசறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவடி தோளில் ஏறியதும் வீட்டில் பிறந்த பெண்தான் காலில் முதல் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஷோபனா போன பிறகு மனோரமாதான் ஊற்றிவந்தாள்.

"இந்த வருஷம் நான் ஊத்த மாட்டேன். ஊத்த வேண்டியவ கேட்டாண்ட நிக்கிறா. அவள அனுப்பினீங்கன்னா அவகூட நானும் போறேன்!"

ஜம்புலிங்கம் மலைப்பக்கம் பார்த்தார். தரையில் கிடந்த கருவாட்டைப் பார்த்தார். பிறகு வெறுங்காலோடு படியிறங்கிக் கேட்டைத் திறந்தார்.

"உள்ள வாம்மா... இந்த மஞ்சள நீயே கரைச்சி ஊத்து."

"அண்ணா!"

அண்ணனும் தங்கையும் நடுத்தெருவிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் வந்தார் ஜம்புலிங்கம்.

"மனோரமா... உன்ன..."

"என்னை அப்புறம் சமாதானம் பண்ணலாம். மொதல்ல ஊட்டக் கழுவணும், வழி உடுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனோரமா பைகளைத் தேடினாள். இரண்டும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஜம்புலிங்கத்தின் கையில் இருந்தன.

"நான் மணவூருக்கே போயி குடுத்துட்டு வரேன். நெத்திலிதானே?"

"ஆங்... நெத்திலிதான்."

தேவிப்பிரியா உள்ளேயிருந்து சிவப்புக் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"இருங்க மாமா, அந்தப் பைக்கு அடையாளம் கட்டித் தரேன். மறுபடியும் மாறிடப் போவுது!"

"வேணாம்மா," என்றாள் மனோரமா. "இனிமே மாறினா மாறட்டும்."