நாவற்கிளையை மிதித்த நங்கை

தென்பெண்ணை ஆற்றின் அகன்ற நீர்ப்பரப்பின்மீது கீழ்வானத்து முழுமதி தன் முதல் ஒளியை உருக்கிய வெள்ளியென வார்த்துக்கொண்டிருந்த அந்தி வேளையில், நறுங்குன்றக் கோட்டையின் மேன்மாடத்தில் நின்றிருந்த இளவரசி எழினிநங்கையின் கண்களுக்கு மதியும் தெரியவில்லை, நதியும் தெரியவில்லை. அக்கரை மாந்தோப்பிலிருந்து வெளிப்பட்டுப் படகேறிய ஓர் ஆண்மகனின் அகன்ற தோள்கள் மட்டுமே தெரிந்தன.

அன்பு வாசகர்களே! பிறர் வீட்டு விவகாரத்தில் தலையிடும் வழக்கம் நமக்கு இல்லைதான். ஆனால் கோட்டையே வாய் ஓயாமல் பேசும் ஒன்றை நாம் மட்டும் காதில் வாங்காமல் போவது அவ்வூராருக்குச் செய்யும் அவமதிப்பல்லவா?

அந்தத் தோள்களுக்குரியவன் குவாவன், குதிரைப்படைத் தலைவன், வருகிற தைத் திங்களில் எழினிநங்கைக்கு மாலை சூட்டப்போகிறவன். மாந்தோப்பில் தங்கியிருந்தவளோ இருப்பைக் குரத்தி என்னும் இளந்துறவி. தலையை மழித்து, காவியைச் சுற்றிக்கொண்ட பிறகும் அவள் அழகு ஓர் இம்மியும் குறையவில்லை என்பதே அரண்மனைப் பெண்டிரின் முதல் மனக்குறை.

அவள் வந்த அன்றே கோட்டை வாயிலில் மணலைக் குவித்து, அதில் ஒரு நாவற்கிளையை நட்டுவிட்டாள். வாதுக்கு அழைப்பது அந்நாளில் அப்படித்தான். கிளையை மிதிப்பவர் வாதுக்கு இசைந்தவர் ஆவார்; தோற்றவர் வென்றவருக்கு மாணாக்கராகி, அன்று மாலையே ஊரைவிட்டு வாழ்நாளெல்லாம் அவர் பின்னே நடக்க வேண்டும். குரத்தி தொடுத்திருந்த வினா இது: "எதை அறிந்தபின் மனிதர் 'போதும்' என்று சொல்லக்கூடும்?"

அன்றிலிருந்து நறுங்குன்றத்துப் பண்டிதர்கள் அனைவரும் மேலை வாயில் வழியாகவே போய்வந்தார்கள். ஏனென்று கேட்டால், அந்தப் பக்கம் காற்று நன்றாக வருகிறதாம்!

"தேவி, இன்றைக்குச் சற்று நேரம் கூடுதலாகத்தான் ஆகிவிட்டது போலும்," என்றாள் தோழி வேம்பி, வெண்ணெயில் ஊசி இறக்கும் குரலில்.

"யாருக்கு?"

"நிலவு எழுவதற்கு. நான் வேறு யாரைச் சொல்வேன்? நம் படைத்தலைவர் ஞானம் தேடியல்லவா போகிறார்! ஞானம் கிழவர்களிடம் கிடைத்தால் அவர் போகமாட்டாரா என்ன?"

"வாயை மூடடி!"

"மூடிவிட்டேன். சிரித்துக்கொண்டே படகேறினாரா, அழுதுகொண்டே ஏறினாரா, அதை மட்டும் தாங்களே பார்த்துக்கொள்ளுங்கள்."

எழினிநங்கை பார்த்தாள். குவாவன் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள்முன் ஒருநாளும் கண்கலங்காதவன் அவன். சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பாள், இன்னொருத்தியிடம் போய் அழுதுவிட்டு வருவதை எந்தப் பெண் பொறுப்பாள்?

சிலம்புகள் அலற அவள் படியிறங்கி ஓடினாள். 'இந்த மொட்டைத் தலைச்சி இனி இங்கே ஒரு நாளும் இருக்கக்கூடாது' என்று பொருமியவள், மணற்குவியலின்மேல் ஏறி, அந்த நாவற்கிளையை இரண்டு கால்களாலும் மிதித்து, ஒடித்து, தேய்த்துவிட்டாள்.

வாயில் காவலன் கையிலிருந்த வேல் நழுவிற்று.

"தாயே! என்ன காரியம் செய்துவிட்டீர்கள்! வாதுக்கு இசைந்துவிட்டீர்களே!"

இளவரசிக்கு அந்த வழக்கம் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆத்திரம் கண்ணை மறைத்த பிறகு, தெரிந்தது எதற்கு உதவியது?

மறுநாள் மாலை அரசவையில் எள் விழ இடமில்லை. மேலை வாயில் பண்டிதர்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். பகைவரான வேட்டூர் அரச குலத்தில் தொட்டில் குழந்தையைக்கூட விட்டுவைக்காததை விருந்துதோறும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அரசர் கட்டியரையர், மகளை நினைந்து முதன்முறையாக வியர்த்தார். தூணோரம் குவாவன் நின்றான்.

"அவையில் ஒருவர் கேட்டால் மற்றவர் மெய்யே உரைக்க வேண்டும், விடை கூறாதவர் தோற்றவர்," என்று நெறியை நினைவூட்டிவிட்டு, "எதை அறிந்தபின் போதும் என்று சொல்லலாம், இளவரசி?" என்றாள் குரத்தி.

"நான் சாத்திரம் கற்றவள் அல்ல," என்று தொடங்கினாள் எழினிநங்கை. "எனக்கு வேண்டிய ஒருவர் மாலைதோறும் எங்கே போகிறார் என்று அறிய விரும்பினேன், அறிந்தேன். யாரைக் காணப் போகிறார் என்று அறிய விரும்பினேன்; அதையும் அறிந்தேன். அவள் அழகியா என்று கேட்டேன். வேம்பி விவரமாகச் சொன்னாள். அத்தனை விவரம் தேவைப்பட்டிருக்கவில்லை."

அவை சிரித்தது. குவாவன் சிரிக்கவில்லை.

"ஒன்றை அறிந்தால் அடுத்ததற்குப் பசிக்கிறது, குரத்தியாரே. நீங்கள் ஊர் ஊராக நடக்கிறீர்கள். நான் மாடத்திலேயே நிற்கிறேன். நம் இருவர் பசியும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. என் பசி இன்னும் ஒரே ஒரு விடையில் அடங்கிவிடும். அது உங்களிடம் இருக்கிறது. குவாவர் உங்களிடம் எதைத் தேடி வருகிறார்?"

அதுவரை அருவியாய் ஒலித்த குரத்தியின் குரல் எங்கோ வற்றிப்போயிற்று. அவள் இதழ்கள் அசைந்தன. விழிகள் மட்டும், அவளை அறியாமலே, ஒரு கணம் தூணோரம் சென்று திரும்பின.

அந்த ஒரு கணத்தை அவையில் வேறு யாரும் காணவில்லை. ஆனால் குவாவன் எங்கே போவான் எங்கே நிற்பான் என்பதை உளவு பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த எழினிநங்கை கண்டுவிட்டாள். தானும் திரும்பிப் பார்த்தாள்.

கள்ளக் காதல் வெளிப்பட்டவனின் முகம் எப்படியிருக்கும் என்று அவள் இரவெல்லாம் கற்பனை செய்து வைத்திருந்தாள். இது அந்த முகமல்ல. தந்தையின் தீர்ப்புக்காக இதே அவையில் காத்து நின்ற சிறைக் கைதிகளின் முகங்களை அவள் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். இது அந்த முகம்.

"சொல்கிறேன்," என்றாள் குரத்தி. "குவாவர் என்னிடம்..."

"போதும்!"

அவை திடுக்கிட்டது.

"என் வினாவைத் திரும்பப் பெறுகிறேன். எனக்கு அது தெரிய வேண்டியதில்லை. நான் தோற்றேன்."

வாசகர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்! நீங்களும் நாமும் அந்த இடத்தில் நின்றிருந்தால் கேட்காமல் விட்டிருப்போமா? முழுவதும் கேட்டு, ஒருவன் தலை உருண்டபின், "ஐயோ பாவம்" என்று நீர்த்துறையில் நான்கு பேரிடம் சொல்லியுமிருப்போம். எழினிநங்கையோ தன் மணநாளையும், தந்தையின் மாளிகையையும், ஒரு மாத காலம் தூங்கவிடாத அந்த விடையையும் ஒரே சொல்லில் உதறிவிட்டாள். கட்டியரையர் அலறினார்; ஆனால் அவையோர் முன்னிலையில் ஏற்ற வாதுநெறியை மீற அரசனாலும் இயலவில்லை.

அந்தி மங்கும்போது, ஆற்றுத்துறையில் குரத்தியின் பின்னே தலைகுனிந்து சென்றாள் இளவரசி. படகில் கால் வைக்குமுன் குளம்பொலி கேட்டது. குதிரையிலிருந்து குதித்த குவாவன் ஈர மணலில் மண்டியிட்டான்.

"தேவி, கேளாமலே விட்டாய். நானே சொல்கிறேன். வேட்டூர் அரண்மனை எரிந்த அன்று மிஞ்சிய தொட்டில் குழந்தை நான். குரத்தியின் தாய்தான் எனக்குச் செவிலி. உன் தந்தை தேட நினைக்காத ஒரே இடம் அவருடைய குதிரைக் கொட்டில். அங்கே என்னை ஒளித்தாள். சாகும் தறுவாயில் மகளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்."

எழினிநங்கை அவனை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள்.

"நான் யார் என்று முனிவர்கள் கேட்பார்கள். நான் கேட்டதெல்லாம் அவ்வளவு பெரியதல்ல. என் தந்தை எப்படிச் சிரிப்பார், என் தாய் எதைப் பாடுவாள் என்றே கேட்டேன். கேட்கக் கேட்க, இந்த வாள் உன் தந்தையின் கழுத்தை நினைத்தது."

"இப்போது?"

அவன் வாளை உருவினான். நிலவொளியில் ஒருமுறை மின்னிய அது ஆற்றின் நடுவில் விழுந்து மறைந்தது.

"கட்டியரையர்மீது நான் ஆயுதம் எடேன். இது என்னைப் பெற்றவர்கள்மீது ஆணை. வேட்டூரில் சாம்பலாவது மிஞ்சியிருக்கும். அதைப் பார்க்கப் போகிறேன். உன்னை அழைக்கும் உரிமை எனக்கில்லை. இனி நீ குரத்தியாரின் மாணாக்கி."

"இல்லை," என்றாள் குரத்தி. அவள் எழினிநங்கையின் காலடியில் பணிந்திருந்தாள். "எத்தனையோ ஊர்களில் கிளை நட்டேன். போதும் என்று சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை. விடை கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது சொன்னவர் தாங்கள். விடை கூறாமல் நின்றவளும் நானே. தோற்றது நான், தேவி. இனி தாங்கள் செல்லுமிடமெல்லாம் தங்கள் பின்னே வருவேன்."

"எல்லா இடத்துக்குமா?"

"வாழ்நாள் முழுவதும்."

எழினிநங்கை குவாவனைப் பார்த்தாள். நிலவில் முன்னைக் காட்டிலும் அழகாய்த் தெரிந்த குரத்தியைப் பார்த்தாள். பிறகு, ஒரு பேரரசிக்குரிய கம்பீரத்தோடு குவாவனின் கையைப் பற்றிக்கொண்டு படகில் ஏறினாள்.

"வாருங்கள், குரத்தியாரே," என்றாள். "ஆனால் நீங்கள் அந்த ஓரத்தில் உட்காருங்கள்."