தாகக் கொட்டகையின் சாவி

மழை பிடித்துக்கொண்டதும் சரிவிலிருந்து ஒரே ஓட்டமாக இறங்கி வந்தாள் அவள். நாற்றுப்பண்ணைக் கொட்டகைக்குள் நுழைந்து, நெற்றியில் வழிந்த நீரைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால்... எதிரே ஒருவன். முன்பின் பார்த்திராத ஆள். நல்ல கண்கள்தான், அதிலொன்றும் குறையில்லை. ஆனால் கையில் பூவாளி!

"நிறுத்துங்க... யாரு உங்களத் தண்ணி ஊத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. எல்லாம் வாடிக் கிடந்துச்சு... பாவமா இருந்துச்சு."

பாவமாம்! வனவியல் ஆராய்ச்சிக்காரியான அவள், அந்த நானூறு கன்றுகளையும் பத்தொன்பது நாளாக வேண்டுமென்றே தாகத்தில் வைத்திருந்தாள். எதிர்ச்சரிவில் காட்டுத்தீ தின்ற இடம் மொட்டையாகக் கிடந்தது. வழக்கமான கன்றுகளை இரண்டு முறை நட்டார்கள். வருடா வருடம் ஏறும் வெயிலில் எல்லாம் கருகிப்போயின. அதனால் அடிவாரத்துச் சூட்டிலும் பிழைத்து நிற்கும் மரங்களிலிருந்து அவள் விதை கொண்டுவந்தாள். எந்தத் தாய்மரத்தின் பிள்ளைகள் வறட்சியைத் தாங்கும் என்று நிரூபித்தால் இந்த மழைக்காலத்திலேயே நடலாம். இல்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள். சோதனை முடிய இன்னும் இரண்டே நாள்தான் பாக்கி இருந்தது...

அவனோ முந்தின நாள்தான் மாற்றலாகி வந்த பண்ணைக் காப்பாளன். பதினோரு வருடத்தில் தன் கையில் ஒரு கன்றுகூடத் தாகத்தால் செத்ததில்லை என்ற கர்வம் அவனுக்கு. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவளுக்கும் ரோஷம், மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் பக்கம் போகிற கண்ணை இழுத்துப் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

நான்காம் நாள் அதிகாரி அவளைக் கூப்பிட்டார். தவறு முழுக்கத் தன்னுடையது என்று காப்பாளன் எழுதிக் கொடுத்துவிட்டானாம். மறுபடி சோதனை செய்ய இருபத்தொரு நாள் தரும்படியும் கேட்டிருக்கிறான். அவள் கொட்டகைக்குத் திரும்பியபோது குழாய்ப் பூட்டின் சாவியை நீட்டினான்.

"நீங்களே வெச்சுக்கோங்க. எங்கிட்ட இருந்தா மனசு கேக்காது."

மிச்சமிருந்த கன்றுகளிலிருந்து மறுபடி நானூறு எடுத்து வைத்தார்கள். தினமும் காலையில் வருவான். தொங்கும் இலைகளைப் பார்ப்பான். செத்த கன்றுகளை அவள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்வான். பிறகு வெளியே போய்ச் சற்று நேரம் தனியாக நிற்பான். ஒரு சொட்டு ஊற்றவில்லை. அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று... சரியாகச் சொன்னால், பிடித்திருந்ததை அப்போதுதான் ஒப்புக்கொண்டாள்.

கடைசி நாளில் அறுபத்து மூன்று கன்றுகள் தலை நிமிர்ந்து நின்றன. அத்தனையும் இரண்டே தாய்மரங்களின் பிள்ளைகள். அந்த மரங்களின் கன்றுகளே சரிவு முழுக்க நடப்பட்டன. வேலை முடிந்ததென்று தலைமை அலுவலகம் அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டது. மனதிலிருந்ததை இருவருமே சொல்லவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையோ!

கோடை முடிந்து, பிழைத்தவற்றை எண்ண வந்தாள். பத்துக்கு எட்டு உயிரோடு இருந்தன. மொட்டைச் சரிவு பச்சையாகியிருந்தது.

"நம்ம பிள்ளைங்க எப்படி நிக்கிறாங்க பாருங்க..." என்று பெருமையோடு ஆரம்பித்தவன், என்ன சொன்னோம் என்று உறைத்ததும் காது மடல் சிவந்துபோனான். அவள் எண்ணிக்கையை விட்டுவிட்டாள்.

இறங்கி வந்தபோது கொட்டகை வாசலில் இரண்டு வாளிகள் இருந்தன. கோடை முழுக்கப் பண்ணைக் கன்றுகளுக்கு ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்திருக்கிறான்.

"குழாய் இருக்கே?"

"சாவி உங்ககிட்டல்ல இருக்கு."

"வேற சாவி செஞ்சிருக்கலாமே?"

"செஞ்சிருந்தா... நீங்க திரும்பி வர ஒரு காரணம் குறைஞ்சிருக்குமே."

அவள் பையைத் திறந்து சாவியை எடுத்தாள்.

"நான் ஒண்ணும் மறந்து எடுத்துட்டுப் போகல... வேணும்னேதான் எடுத்துட்டுப் போனேன். உங்களப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

வெளியே அந்த வருடத்தின் முதல் மழை இறங்கியது. அவன் சாவியை வாங்கவில்லை. அது இருந்த கையை அப்படியே பிடித்துக்கொண்டான்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்... நீங்க இங்கயே இருங்க."